உருகிய காரீயமும் ஒரு பிடி மரத்தூளும்

உருக்கிய காரீயத்தின் மேல் ஒரு பிடி மரத்தூளைத் தூவிக் கிளறினால் என்ன நடக்கிறது? வீட்டில் ஈயம் வார்ப்பவர்களிடம் கேட்டால் மூன்று விடைகளாவது கிடைக்கும். அழுக்கு மேலே வந்து சேர்கிறது என்பார் ஒருவர். பிரிந்து மிதந்த வெள்ளீயம் மறுபடி கலக்கிறது என்பார் இன்னொருவர். ஒன்றும் நடப்பதில்லை, புகைதான் மிச்சம் என்பார் மூன்றாமவர். பல பத்தாண்டுகளாக நடந்துவரும் இந்த வாதம் இன்னும் தீராததற்குக் காரணம், வேறுவேறான மூன்று வேலைகளை எல்லோரும் இளக்கி என்ற ஒரே பெயரில் பேசுவதுதான். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் எந்தப் பொருள் எங்கே உதவும், எங்கே வீண், எங்கே ஆபத்து என்பது தெளிவாகிவிடும்.

வீட்டில் ஈயம் வார்ப்பது பெரும்பாலும் அமெரிக்கப் பழக்கம். தம் துப்பாக்கிக்கான குண்டுகளைத் தாமே வார்ப்பவர்கள், தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள், முக்குளிப்போர் இடுப்பில் கட்டும் எடைகளைச் செய்பவர்கள், பொம்மைச் சிப்பாய்கள் வார்ப்பவர்கள் என்று அங்கே ஒரு பெருங்கூட்டமே உண்டு. 1878இல் தொடங்கிய லைமன் முதல் லீ, ஆர்சிபிஎஸ் வரை பல நிறுவனங்கள் இவர்களுக்காகவே அச்சுகளும் மின் உருக்குகலங்களும் செய்து விற்கின்றன. இந்தியாவில் உரிமம் இல்லாமல் குண்டு செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆனால் வலைக்கும் தூண்டிலுக்கும் எடையாக ஈயம் கட்டுவது நம் கடற்கரைக்கும் தெரிந்ததுதான். பேச்சுவழக்கில் எல்லாமே ஈயம் என்பதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். இங்கே பேசப்போவது நச்சுத்தன்மை கொண்ட காரீயம்.

காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். தனிக் காரீயம் மிக மென்மையானது, அச்சின் மூலைகளை நன்றாக நிரப்பாது. அதனால் வார்ப்புக்காரர்கள் கடினத்துக்கு ஆன்டிமனியும், அச்சில் நன்றாகப் பரவுவதற்கு வெள்ளீயமும் கலந்த உலோகத்தைத் தேடுகிறார்கள். கார்ச் சக்கரங்களின் விளிம்பில் மாட்டும் பழைய எடைத்துண்டுகள் இவர்களுக்குப் பொக்கிஷம். அவற்றில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் காரீயமும், மூன்று நான்கு சதவீத ஆன்டிமனியும், சிறிதளவு வெள்ளீயமும் இருக்கும்.

காரீயத்தைவிட வெள்ளீயம் எடை குறைந்தது, அதனால் உருகிய கலவையில் மேலே மிதந்து பிரிந்துவிடும், இளக்கி போட்டால்தான் திரும்பக் கலக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இது தவறு. கடல்நீரில் கரைந்த உப்பு அடியில் போய்ப் படிவதில்லை. காரீயத்தில் கரைந்த வெள்ளீயமும் அப்படித்தான், எடையால் பிரியாது. மேலே மிதப்பது வெள்ளீயம் அல்ல, வெள்ளீயத்தின் ஆக்சைடு. எடை வேறுபாட்டால் பிரிந்ததென்றால் நன்றாகக் கிளறினாலே போதும். ஆக்சைடு ஆகிவிட்டதென்றால் எவ்வளவு கிளறினாலும் அது ஆக்சைடாகவேதான் இருக்கும். அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேறொரு பொருள் வேண்டும்.

காற்றுப்பட்ட காரீயம் ஆவது நாட்டு மருந்துக் கடைகளில் மிருதாரசிங்கி என்று வழங்கும் மஞ்சள் ஆக்சைடு. அது உருக 888 டிகிரி வேண்டும். 370 டிகிரியில் இருக்கும் வார்ப்புக் கலத்தில் அது உருகாமல் தோலாகப் படர்ந்து, பிறகு தூளாகச் சேரும். எடைக்கு எடை பார்த்தால் அந்தத் தூளில் 93 சதவீதம் காரீயம்தான். வெள்ளீய ஆக்சைடிலும் ஏறத்தாழ 79 சதவீதம் உலோகமே. அதிலும் ஆக்சிஜனோடு சேரும் வேட்கை காரீயத்தைவிட வெள்ளீயத்துக்கு அதிகம். எனவே இரண்டு சதவீத வெள்ளீயம் கலந்த கலத்தில்கூட முதலில் ஆக்சைடாவது அந்த இரண்டு சதவீதம்தான். காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் விலை கொடுத்து வாங்கிய உலோகம், சாம்பல் நிறத் தூளாக மேலே வந்து நிற்கிறது. கரண்டியால் அதை அடிக்கடி வழித்துக் கொட்டுபவர் கலத்தின் மிக விலையுயர்ந்த பகுதியைக் கொட்டுகிறார்.

இனி அந்த மூன்று வேலைகள். ஆக்சைடை மறுபடி உலோகமாக மீட்பது முதலாவது. மண், துரு, எண்ணெய், பெயின்ட் போன்ற அழுக்கை உலோகத்திலிருந்து பிரித்தெடுப்பது இரண்டாவது. மேற்பரப்பில் காற்றுப் படாமல் மூடிவைப்பது மூன்றாவது. உலோகவியல் நூல்கள் இளக்கி என்று சொல்வது உண்மையில் நான்காவதான ஒன்று: ஆக்சைடைத் தனக்குள் கரைத்துக்கொண்டு கண்ணாடிபோல உருகும் பொருள். தட்டார் பொன்னைப் பற்றவைக்கும்போது வெங்காரம் செய்வது அந்த வேலைதான். வீட்டு ஈயக் கலத்தில் இந்த நான்காவது வேலை அநேகமாக நடப்பதே இல்லை.

வெங்காரத்தை முதலில் பார்த்து முடித்துவிடலாம். நீர் நீங்கிய வெங்காரம் 743 டிகிரியில்தான் உருகும். தட்டாரின் ஊதுகுழல் தரும் சூட்டுக்கு அது பொருந்தும். 370 டிகிரி ஈயத்தின் மேல் போட்டால் பொரிந்து வெள்ளைத் தூளாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். குறைந்த சூட்டில் உருகும்படி செய்த போரேட் கலவைகளும் அமெரிக்காவில் விற்பனைக்கு உண்டு. அவை வேலை செய்கின்றன. ஆனால் கரண்டியிலும் கலத்தின் சுவரிலும் கண்ணாடிப் படலமாக ஒட்டிக்கொண்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சிவைக்கும். அடுத்த முறை அதே கரண்டியை உருகிய ஈயத்துக்குள் விட்டால், ஒட்டியிருக்கும் படலத்தோடு தண்ணீரும் உள்ளே போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தவிர்க்கலாம்.

நவச்சாரமும் அப்படியே. செம்புப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுபவர் கையில் அது அருமையான பொருள். செம்பின் மேலிருக்கும் ஆக்சைடை நொடியில் துடைத்து வெள்ளீயம் பிடிக்கச் செய்யும். ஈயக் கலத்தில் போட்டாலோ 340 டிகிரி வாக்கில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடுமாகப் பிரிந்து, மூச்சைப் பிடிக்கும் புகையைக் கிளப்பும், இரும்புக் கலத்தை அரிக்கும். வீட்டுக்கு இது வேண்டாம்.

உண்மையான போட்டி மெழுகுக்கும் மரத்தூளுக்கும்தான். மெழுகு, அது தேன்மெழுகோ மெழுகுவத்தித் துண்டோ, போட்டவுடன் உருகி, ஆவியாகி, தீப்பற்றும். அந்த ஆவியும் புகைக்கரியும் மேற்பரப்பிலுள்ள புதிய ஆக்சைடைத் தொட்ட இடத்தில் உலோகமாக்கிவிடும். மங்கிக் கிடந்த பரப்பு கண்ணாடிபோல் மின்னுவதைப் பார்க்கலாம். ஆனால் சிறிது நேரத்தில் எல்லாம் எரிந்து தீர்ந்துவிடும். பின்னால் எதுவும் தங்காது என்பதால் அழுக்கைப் பிடித்துவைக்கவும் ஆள் இல்லை, காற்றைத் தடுக்கவும் ஆள் இல்லை. முன்பே சுத்தம் செய்த உலோகத்தை வார்க்கும்போது இடையிடையே மீட்டெடுக்க மெழுகு சரியான தேர்வு. பழைய இரும்புக்கடையில் வாங்கிய உலோகத்தைச் சுத்தம் செய்ய அது போதாது. புகையைத் தானாகத் தீப்பிடிக்க விடாமல் நீளமான பற்றவைப்பானால் நாமே கொளுத்திவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எதிர்பாராத நேரத்தில் முகத்துக்கு நேராகச் சுவாலை எழும்.

மரத்தூள் மெதுவாக வேலை செய்யும். சூட்டில் மரம் முதலில் ஈரத்தை விடும். பிறகு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயுக்களை விடும். கடைசியில் கரியாக நிற்கும். அந்த வாயுக்கள் மீட்பு வேலையைத் தொடங்குகின்றன, கரி அதைத் தொடர்கிறது. மிச்சக் கரி அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு மேலே போர்வையாகக் கிடக்கும். மூன்று வேலைகளையும் ஓரளவுக்கு ஒன்றாகச் செய்யும் பொருள் இது ஒன்றுதான் என்பதே என் முடிவு. மெல்லிய அடுக்காகத் தூவி, நன்றாகக் கருகிய பிறகே கிளற வேண்டும். பச்சைத் தூளை உள்ளே அழுத்தினால் அதன் ஈரம் உலோகத்துக்கு அடியில் ஆவியாகும். பெயின்ட் அடித்த மரம், ஒட்டுப்பலகை, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய மரம் ஆகியவற்றின் தூள் கூடவே கூடாது. அமெரிக்காவில் நெடுங்காலம் வேலிக்கும் தளத்துக்கும் பயன்படுத்திய மருந்தேற்றிய பலகைகளில் ஆர்செனிக் உண்டு.

மரத்தூளுக்கு ஆதரவாக இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது, அதைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை. கரியால் எல்லா ஆக்சைடையும் மீட்க முடியாது. காரீய ஆக்சைடு எளிதில் இணங்கும். வெள்ளீய ஆக்சைடு இந்தச் சூட்டில் தயங்கித்தான் இணங்கும். தாதுவிலிருந்து வெள்ளீயம் எடுக்கும் உலைகள் 1,000 டிகிரிக்கும் மேல் இயங்குவது அதனால்தான். துத்தநாகம், அலுமினியம், கால்சியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளோ அசையவே அசையா. வார்ப்புக்காரருக்கு வேண்டாத உலோகங்களும் இவையே. ஆக, வேண்டியதைத் திருப்பிக் கொடுத்து வேண்டாததைக் கசடிலேயே நிறுத்திவைக்கும் தேர்வு இந்த வேதியியலிலேயே இருக்கிறது. மரத்தூள் போட்டால் வெள்ளீயம் முழுவதும் திரும்பிவிடும் என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள், ஆனால் அடிப்படையில்லாமல் பேசவில்லை. மின்னணுப் பற்றவைப்பில் பயன்படும் ரோசின், அதாவது பைன் மரப் பிசின், வெள்ளீய ஆக்சைடோடு நேராக வினைபுரியும் அமிலங்களைக் கொண்டது. மரத்தூளோடு சிறிது ரோசின் சேர்ப்பவர்களும், பைன் மரச் சீவலையே விரும்புபவர்களும் அனுபவத்தில் கண்டுபிடித்தது இதைத்தான்.

மரக்குச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவு கனமான திரவத்தில் மண்ணும் துருவும் தாமாகவே மிதந்துவிட வேண்டாமா என்று தோன்றும். கலத்தின் சுவரோடும் அடியோடும் ஒட்டிய தூசு மிதப்பதில்லை. உருகிய உலோகம் அதை நனைத்து அடியில் நுழையாது, மேலிருந்து அழுத்திச் சுவரோடு சேர்த்து வைத்திருக்கும். நன்கு உலர்ந்த தட்டையான மரக்குச்சியால் அடியையும் சுவரையும் சுரண்டினால் அது விடுபட்டு மேலே வரும். குச்சி தானும் கருகிக்கொண்டே வேலை செய்யும். அடியில் துளைவழி ஊற்றும் கலங்களில் இந்தச் சுரண்டல் இன்னும் அவசியம். துளையில் மண் சிக்கித்தான் அவை ஓயாமல் ஒழுகுகின்றன. வார்ப்பின் நடுவே கறுப்புப் புள்ளிகள் தெரிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

கசடில் வெள்ளீயமும் ஆன்டிமனியும் போகின்றன என்பது அச்சகங்கள் நன்றாக அறிந்த செய்தி. எழுத்து வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தின் உலோகம் 84 பங்கு காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம் கொண்டது. 240 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். செய்தித்தாள் அச்சகங்களில் அதே உலோகத்தைத் திரும்பத் திரும்ப உருக்கினார்கள். ஒவ்வொரு முறையும் கசடோடு போன வெள்ளீயத்தையும் ஆன்டிமனியையும் ஈடுகட்ட, அவை மிகுந்த கட்டிகளை அளவு பார்த்துச் சேர்த்தார்கள். கசடைச் சேமித்துச் சுத்திகரிப்பு ஆலைக்கு விற்றார்கள். ஈய எழுத்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவு இதற்கெல்லாம் மிக முந்தையது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது அவை அளவில் மிகப் பெரிதாக இருந்தன, காகிதத்தை ஏராளமாகத் தின்றன. மிஷனரிகள் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்க்க முற்பட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகளை உருக்கி அந்த எழுத்துகளுக்குப் பயன்படுத்தினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. கையில் கிடைத்த பழைய ஈயத்திலிருந்து நுட்பமான வார்ப்பு எடுக்கும் சிக்கல் அன்றும் இதுவே.

பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கு வேண்டியது தனிக் காரீயம். வெள்ளீயமும் ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் அங்கே வெளியேற்ற வேண்டிய மாசுகள். உருகிய காரீயத்தில் காற்றை ஊதியோ, ஹாரிஸ் முறையில் காஸ்டிக் சோடாவும் சோடியம் நைட்ரேட்டும் சேர்த்தோ அவற்றை ஆக்சைடாக்கிப் பிரிக்கிறார்கள். ஆலைக்கு எழுதிய குறிப்பை வீட்டில் பின்பற்றினால் வெள்ளீயத்தை இழப்போம். இணையத்திலும் பழைய நூல்களிலும் கிடைக்கும் செய்முறைகளைப் படிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, இது மீட்பதற்கா நீக்குவதற்கா என்பதே.

துத்தநாகம் இன்று பெரிய தொல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சக்கர எடைகளில் காரீயத்தைத் தடை செய்தது. கலிபோர்னியா 2010இல் தடை செய்தது. அதன்பின் எஃகு, துத்தநாக எடைகள் பழைய உலோகக் குவியலில் கலந்துவிட்டன. சிறிதளவு துத்தநாகம் கரைந்தாலே உருகிய ஈயம் கூழ்போலத் திரிந்து அச்சை நிரப்ப மறுக்கும். நல்லவேளையாக அது உருகுவது 419 டிகிரியில். கலத்தை 370 டிகிரிக்கு மேல் போகவிடாமல் வைத்தால் துத்தநாகத் துண்டுகள் உருகாமல் மிதக்கும், எஃகு கொக்கிகளோடு சேர்த்து வழித்து எடுத்துவிடலாம். எந்த இளக்கியும் செய்யாத வேலையை இங்கே ஒரு வெப்பமானி செய்துவிடுகிறது. மறுபுறம், சூடு மிகவும் இறங்கினால் கலவையே பாதி உறைந்து கூழாகும். அதைக் கசடு என்று நினைத்து வழித்துக் கொட்டினால் போவது நல்ல உலோகம்.

கார் பேட்டரியை வீட்டில் உடைத்து உருக்கவே கூடாது. இதில் பேரத்துக்கு இடமில்லை. தட்டுகளில் கந்தக அமிலமும் காரீய சல்பேட்டும் ஊறிக் கிடக்கின்றன. கால்சியம் கலந்த தட்டின் கசடு ஈரம் பட்டால் ஆர்செனிக்கோடும் ஆன்டிமனியோடும் ஹைட்ரஜன் சேர்ந்த வாயுக்கள் உருவாகக்கூடும். அவை இரண்டுமே மிகக் கொடிய நஞ்சு. செனகலின் டக்கார் நகரை ஒட்டிய தியாராய் சுர் மேரில் பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் எடுத்த பகுதியில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். உருக்கியபோது எழுந்த புகை மட்டும் அதற்குக் காரணமல்ல. ஈயம் கலந்த மண்ணைச் சலித்தார்கள், மூட்டைகளை வீட்டுக்குள் வைத்தார்கள், தூசு வீடெங்கும் பரவியது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். உருகிய ஈயத்திலிருந்து எழும் ஆவிக்குப் பயப்படுகிறார்கள், கசடுத் தூளைக் கையால் அள்ளுகிறார்கள். காரீயம் கொதிப்பது 1,749 டிகிரியில். 400 டிகிரியில் அதன் ஆவி மிகச் சொற்பம். 500 டிகிரிக்குப் போனால் ஆவியழுத்தம் ஐம்பது மடங்குக்கும் மேல் கூடிவிடும். எனவே சூட்டைக் கட்டுக்குள் வைப்பவருக்கு ஆவி பெரிய எதிரியல்ல, கட்டுப்பாடில்லாத எரிவாயு அடுப்பில் உருக்குபவருக்கு அது எதிரிதான். கசடின் கதை வேறு. அது மாவுபோல நுண்ணிய ஆக்சைடு, வயிற்றில் எளிதில் கரையும். வழிக்கும்போது பறக்கும், விரலில் ஒட்டும், சட்டையோடு வீட்டுக்குள் வரும். அமெரிக்கத் தொழிலிட விதி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் காரீயத்தை மட்டுமே அனுமதிக்கிறது. ஒரு சிட்டிகைத் தூளில் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கும்.

சிறு குழந்தைகள் விழுங்கும் காரீயத்தில் பெரியவர்களைப்போல நான்கு ஐந்து மடங்கை உடல் ஈர்த்துக்கொள்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கிறது என்று யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் மதிப்பிட்டன. அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் தெற்காசியாவில் இருக்கிறார்கள். எனவே குழந்தைகளோ கருவுற்ற பெண்களோ புழங்கும் இடத்தில் உருக்கக் கூடாது. சமையலுக்குப் பயன்படும் அடுப்பும் பாத்திரமும் கரண்டியும் இதற்கு ஆகாது, இதற்குப் பயன்பட்டது சமையலறைக்குத் திரும்பவும் கூடாது. திறந்த வெளி, நுண்தூசு வடிகட்டும் முகமூடி, தனியாகத் துவைக்கும் உடை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல் ஆகிய இவை கட்டாயம். கீழே சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ஈரத்துணி கலத்தின் அருகே வரக்கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். தண்ணீர் ஆவியானால் கொள்ளளவு ஏறத்தாழ 1,700 மடங்காகும். பரப்பின் மேல் விழும் ஒரு துளி சீறிவிட்டுப் போகும். அதே துளி பழைய ஈயக்குழாயின் மடிப்புக்குள் ஒளிந்து உலோகத்துக்கு அடியில் போனால் கலத்திலுள்ளதை எல்லாம் முகத்தில் வீசியடிக்கும். பழைய உலோகத்தைக் குளிர்ந்த கலத்தில் அடுக்கிவைத்து மெல்லச் சூடேற்றுவதே பாதுகாப்பு. உருகிய ஈயத்தில் புதிதாகச் சேர்க்கும் கட்டிகளைக் கலத்தின் விளிம்பில் வைத்துச் சூடாக்கி உலர்த்திய பிறகே உள்ளே விட வேண்டும். முழு முகமறைப்பும் நீளக் கையுறையும் தோல் காலணியும் இதற்காகத்தான்.

கசடை மூடியுள்ள இரும்பு டப்பாவில் சேர்த்துவைத்து, உரிமம் பெற்ற ஈய மறுசுழற்சியாளரிடம் கொடுப்பதே சரி. அதில் முக்கால் பங்குக்கும் மேல் உலோகம் என்பதால் அவர்களுக்கு அது குப்பையல்ல. தொடர்ந்து வார்ப்பவர் ரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 முதல் குழந்தைகளுக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். வார்ப்பவரின் வீட்டில் குழந்தை இருந்தால் அந்தக் குழந்தைக்கும் சோதனை தேவை.

தூண்டில் எடை வார்ப்பவருக்குக் காரீயத்தை விட்டுவிடும் வழியும் உண்டு. தேம்ஸ் நதி அன்னங்கள் ஈயக்குண்டுகளை விழுங்கி இறந்ததைக் கண்ட பிரிட்டன், 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈய எடைகளின் விற்பனையை 1987இல் தடை செய்தது. அதன்பின் வெள்ளீயம், பிஸ்மத், டங்ஸ்டன் எடைகள் சந்தைக்கு வந்தன. இவற்றில் டங்ஸ்டனை வீட்டில் உருக்க இயலாது. பிஸ்மத் 271 டிகிரியில் உருகும், உறையும்போது சற்று விரியும், அதனால் அச்சின் மூலைகளை நன்றாக நிரப்பும். பிஸ்மத்தும் வெள்ளீயமும் சரியான விகிதத்தில் சேர்ந்த கலவைக்கோ 139 டிகிரியே போதும். விலை அதிகம், கனம் குறைவு, ஆனால் கசடுத் தூள் குழந்தையின் மூளையைத் தொடாது. அங்கேயும் பரப்பில் வெள்ளீய ஆக்சைடு படரும், அதை மீட்க வேண்டியும் இருக்கும். அந்தக் குறைந்த சூட்டில் மரத்தூள் கருகவே கருகாது. அங்கே கைகொடுப்பது ரோசின்தான்.